பணம் வந்ததா, வந்த மாதிரி தெரிந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. விற்கப் போய் ஏமாந்தவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் வெளியே சொல்வதில்லை. மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த அப்படிப்பட்ட கடிதங்களுக்கு இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வீடு மாறுவதால் பழைய டைனிங் டேபிளை 9,000 ரூபாய்க்கு விளம்பரத் தளம் ஒன்றில் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் போன் செய்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், மதுரைக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். விலையைக் குறைக்கக்கூடக் கேட்கவில்லை. சீருடை போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எங்கள் கணக்கு முறைப்படி நீங்கள் முதலில் 5 ரூபாய் அனுப்புங்கள், 10 ரூபாயாகத் திரும்பும்" என்றார். திரும்பியது. அப்புறம் ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். என் கணவர் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும் 9,000 போய்விட்டது. "தவறிவிட்டது, இன்னொரு தடவை செய்தால் 18,000 சேர்ந்து வரும்" என்றார், மறுபடியும் செய்தோம். இதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பணம் திரும்புமா? – வாசகி, திருநகர்

சகோதரி, இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. எந்த வங்கிக் கணக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, எதிராளியின் யு.பி.ஐ. ஐ.டி., உங்கள் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க யு.டி.ஆர். எண், இவை கையில் இருக்கட்டும். நீங்கள் சொன்னவுடன் அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும். அங்கிருந்து வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் அந்த வங்கிக்கும் போகும். எங்கே பணம் இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பார்கள். அதனால்தான் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அவ்வளவு முக்கியம். கூச்சத்தில் ஒரு ராத்திரி கழிந்தால் பணம் நாலு கணக்கு தாண்டி ஏ.டி.எம்.மில் ரொக்கமாகப் போயிருக்கும். நிறுத்தி வைத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், கொஞ்சம் நாளாகும், ஆனாலும் கிடைக்க வழி இருக்கிறது. 1930-ல் சொன்னதோடு நிறுத்தாமல் மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள், உங்கள் வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிப்படி வாடிக்கையாளர் தானே பின் போட்டு இழந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்பட்ட நஷ்டம் வாடிக்கையாளரைச் சேரும். சொன்ன பிறகும் அந்தக் கணக்கில் மோசடி நடந்தால் அது வங்கியைச் சேரும். சொல்லிவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும், அதற்குத்தான் எழுத்து.

சரி, எப்படி நடந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கணவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. யு.பி.ஐ. பின் என்பது செக்கில் போடுகிற கையெழுத்துக்குச் சமம். பணம் வெளியே போகவும், உங்கள் பேலன்ஸை நீங்கள் பார்க்கவும்தான் அது வேண்டும். பணம் உள்ளே வர பின் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டாம், உங்கள் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தாலும் வர வேண்டிய பணம் கணக்குக்கு வந்து சேரும். விற்கிற உங்களிடம் ஒருவர் "ஸ்கேன் பண்ணுங்க", "பின் போடுங்க" என்றால் அந்த நொடியே அவர் வாங்க வந்தவர் இல்லை. போனை வைத்துவிடலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அந்த 5 ரூபாய் விளையாட்டு இருக்கிறதே, அதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். அனுப்பினால் திரும்பி வருகிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மனம் அடுத்த முறை கேள்வி கேட்பதில்லை. ஐந்து ரூபாய் செலவில் அவன் உங்கள் கையைப் பழக்கிவிட்டான். ராணுவக்காரர்களின் சம்பளக் கணக்கும் நம் கணக்கு போல சாதாரண வங்கிக் கணக்குதான், அதற்கென்று தனியாக ஒரு "முறை" கிடையாது. உங்களுக்கு வந்த அடையாள அட்டை பெரும்பாலும் முன்பு ஏமாந்த யாரோ ஒரு ஜவானுடையதாக இருக்கும். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நம் பக்கத்தில் நிறைய, அந்தச் சீருடைக்கு நாம் தருகிற மரியாதையைத்தான் இந்த மோசடிக்காரர்கள் காசாக்குகிறார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மேஜையை நேரில் பார்க்காமல், தேக்கா வேம்பா என்று கேட்காமல், கால் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்க்காமல், ஐநூறு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாமல் ஒருவர் 9,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். பழைய மரச்சாமான் அப்படி விற்காது.

2025 அக்டோபர் முதல் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் அந்த வழி அடைபட்டது, மற்ற வழிகள் அப்படியே இருக்கின்றன: க்யூ.ஆர். கோடு, பணம் பெற என்று சொல்லி வரும் லிங்க், "நான் உதவுகிறேன்" என்று சொல்லி உங்கள் திரையைப் பார்க்கும் எனிடெஸ்க் மாதிரி ஆப்பை ஏற்றச் சொல்வது, "கூரியர் ஆள் கவரில் ரொக்கம் கொண்டுவருவார், இன்சூரன்ஸுக்கு மட்டும் முன்னால் கட்டுங்கள்" என்பது. பேச்சுதான் வேறு, நான்கிலும் விற்கிறவர் கையிலிருந்துதான் பணம் போகிறது.

போனை 14,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்க வந்த அண்ணன் என் நம்பருக்குப் பணம் போட்டு, பச்சை டிக் விழுந்ததைத் தன் போனில் காட்டினார். எனக்கு மெசேஜும் வந்தது. பிறகு பார்த்தால் கணக்கில் ஒன்றும் இல்லை. – கல்லூரி மாணவர், கே.புதூர்

தம்பி, அவர் போனில் தெரிவது அவர் சொல்வது மட்டும்தான். கூகுள் பே, போன்பே போலவே தோற்றமும் சத்தமும் உள்ள போலி ஆப்கள் இருக்கின்றன. பெயரையும் தொகையையும் அடித்தால் பச்சை டிக், தேதி, நேரம், 12 இலக்க எண் வரை அச்சு அசலாகக் காட்டும். ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்துவது அதைவிடச் சுலபம். மெசேஜ் வந்தது என்கிறீர்கள், எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது திறந்து பாருங்கள். வங்கியின் செய்தி ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு சுருக்கப் பெயரிலிருந்துதான் வரும். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து உங்கள் கணக்கில் வரவு வைத்ததாகச் செய்தி வந்தால் அது பக்கத்தில் நிற்கிற அவருடைய கூட்டாளி அனுப்பியதாகவே இருக்கும்.

அடுத்த முறை, உங்கள் போனில், உங்கள் ஆப்பில், நீங்களே பேலன்ஸைப் பாருங்கள். விற்கப் போவதே அந்தப் போன் என்றால் அம்மாவின் எண்ணையோ நண்பர் எண்ணையோ கொடுத்து அந்தப் போனில் பாருங்கள், ஏனென்றால் நிறையப் பேர் போனை ரீசெட் செய்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும்போதுதான் இந்த வேலை நடக்கிறது. பேலன்ஸ் ஏறியிருந்தால் கொடுங்கள். ஏறவில்லையா, "சர்வர் ஸ்லோ", "அரை மணி நேரத்தில் ஏறிவிடும்", "டிரெயினுக்கு நேரமாச்சு" என்று எது சொன்னாலும், "சரிண்ணே, ஏறட்டும், அதுவரை டீ சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் வையுங்கள். யு.பி.ஐ. பணம் சில நேரம் உண்மையிலேயே சிக்கும், அது உண்டு. நல்லவராக இருந்தால் காத்திருப்பார், அல்லது நாளைக்கு வருவார்.

போன் விற்கிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. பார்க்கக் கொடுக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள், அதே நிறத்தில் உடைந்த போனைக் கவரில் மாற்றி வைத்துத் திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (அந்தப் போனுக்கு மட்டுமே உரிய அடையாள எண்) ஒரு தாளில் எழுதி, விற்ற தேதி, நேரம், தொகை போட்டு வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் போனை வைத்து யாராவது ஏதாவது செய்தால் போலீஸ் முதலில் பில்லில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வரும். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி ரீசெட் செய்வதைப் பணம் ஏறிய பிறகு, அவர் கண் முன்னால் செய்யலாம்.

புகார் உடனே கொடுங்கள். சாட் எதையும் அழிக்காதீர்கள். மதுரையில் மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியாக சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. உங்கள் விஷயத்தில் ஆள் நேரில் வந்திருக்கிறார், அதனால் பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும். நின்ற இடத்தில் கடை கேமரா இருந்தால் அதையும் சொல்லுங்கள், கேமரா பதிவுகள் நாள் போனால் அழிந்துவிடும். ஏமாற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவு. ஆள்மாறாட்டம் செய்து போன், கணினி வழியாக ஏமாற்றியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும், அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கிடா குட்டிகளின் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஆறு குட்டிகளுக்கு விலை பேசி, "லாரி வாடகை 6,000-ஐயும் சேர்த்துப் போட்டுவிட்டேன், டிரைவருக்கு நீங்கள் அனுப்பிவிடுங்கள்" என்கிறார். ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறது, பாஸ்புக்கில் இன்னும் ஏறவில்லை. அனுப்பலாமா? – உசிலம்பட்டி வாசகர்

அனுப்பாதீர்கள், ஐயா. டிரைவர் என்று சொல்லிப் பேசுகிறவரும் அவரே. லாரி வரப்போவதில்லை, உங்கள் குட்டிகள் மேல் அவருக்கு ஆசையும் இல்லை, அந்த ஆறாயிரம்தான் குறி. நிஜ வியாபாரி ஆட்டைத் தூக்கிப் பார்த்து, பல் பார்த்து, கையில் காசு வைத்துத்தான் ஓட்டிப் போவார் என்பது எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டிய விஷயம்.

ரொக்கமாக வந்தால் வேறு கவனம். 500 ரூபாய்த் தாளை லேசாகச் சாய்த்தால் நடுவில் உள்ள பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும், கட்டின் நடுவிலிருந்தும் நாலைந்து தாளை உருவிப் பாருங்கள். பணம் போடும் மெஷின் உள்ள ஏ.டி.எம். பக்கத்தில் பணத்தை வாங்கி அங்கேயே கணக்கில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. 2,000 ரூபாய்த் தாள் இன்னும் செல்லும்தான், ஆனால் அதை மாற்ற ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் அல்லது தபாலில் அனுப்ப வேண்டும், நமக்குக் கிட்டத்தில் இருப்பதே திருவனந்தபுரம்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாடு, டிராக்டர், கார் என்று பெரிய தொகை விற்கிறவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன்: ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வீட்டிலிருந்தே சுங்குடி சேலை விற்கிறேன். கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பினால் பத்தில் சில பார்சல் வாங்காமலே திரும்புகிறது. அதைவிடக் கொடுமை, போன மாதம் ஒரு அம்மா புதுச் சேலையை எடுத்துக்கொண்டு, துவைத்து வெளுத்த வேறொரு சேலையை மடித்து ரிட்டர்ன் அனுப்பிவிட்டார். கேட்டால் "நீங்கள் அனுப்பியதே இதுதான்" என்கிறார். – வாசகி, வில்லாபுரம்

உங்கள் கடிதம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் இது தெரியாத திருடன் செய்கிற வேலை இல்லை, நம்மைப் போல ஒரு வீட்டில் இருக்கிற பெண் செய்த வேலை. உழைப்பு யாருடையது என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, அதைப் போட்ட விரல்கள், சாயம் தோய்த்தவர், அப்புறம் நீங்கள்.

அந்த முடிச்சே உங்களுக்குச் சாட்சியாகவும் இருக்கும். கையால் கட்டிய சுங்குடியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி விழாது. ஒன்று கொஞ்சம் நீண்டிருக்கும், ஒன்றில் சாயம் ஓரம் கசிந்திருக்கும், முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி சுருங்கி நிற்கும். ஒவ்வொரு சேலையையும் அனுப்பும் முன் முந்தானையில் ஒரு சாண் அளவு இடத்தை நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள், எந்த மூலை என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த சேலையின் அதே மூலையைப் பக்கத்தில் வைத்தால் வேறு வாதமே வேண்டாம். அச்சுச் சேலை என்றால் இது பலிக்காது, அதற்கு ஓரத்தில் நூலால் தைத்த சீட்டு ஒன்று போடுங்கள், கட்டினால் வெளியே தெரிகிற இடத்தில். "சீட்டு அறுந்திருந்தால் திரும்ப எடுக்க மாட்டோம்" என்பதை விற்கும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு பார்சல் போடுங்கள். பிறகு சொல்கிற விதிக்கு மதிப்பில்லை.

பேக்கிங் வீடியோவை எல்லோரும் எடுக்கிறார்கள், பாதிப் பேர் தப்பாக எடுக்கிறார்கள். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும்: சேலையை விரித்துக் காட்டி, மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, முகவரிச் சீட்டு தெரியும்படி எடைத் தராசில் வைப்பது வரை. ரிட்டர்ன் வரும்போது இதே வேலை தலைகீழாக. பிரிக்காத பார்சலின் ஆறு பக்கத்தையும் முதலில் காட்டுங்கள், ஒட்டிய டேப் மேல் இன்னொரு டேப் இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் கொண்டுவந்தவர் இருக்கும்போதே பிரியுங்கள். எடை மாறியிருந்தால் அவரிடமே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தளம் வழியாக விற்றால் ரிட்டர்ன் குறித்து ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கால அளவு இருக்கும், உங்கள் தளத்தில் எத்தனை நாள் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அது தாண்டினால் எந்த வீடியோவும் எடுபடாது.

வாங்காமல் திரும்பும் பார்சலுக்கு என் யோசனை, முகம் தெரியாத முதல் ஆர்டருக்குப் பார்சல் செலவையாவது முன்பணமாக வாங்குங்கள். நூறு ரூபாய் முன்னால் போடுகிறவர் பார்சலைத் திருப்ப யோசிப்பார். "முன்பணமா, வேண்டாம்" என்று போகிறவர்கள் போகட்டும், அவர்களில் பாதிப் பேர் பார்சலைத் திருப்பியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கெஞ்சி விற்க வேண்டிய பொருள் இல்லை அது.

என் பைக்கை ஆன்லைனில் பார்த்து ஒருவர் வந்தார். முழுப் பணமும் தந்துவிட்டார், பெயர் மாற்றத்தை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஆர்.சி.யையும் வாங்கிப் போனார். எட்டு மாதமாகிறது, ஹெல்மெட் போடாததற்கு அபராதம் என் பெயருக்கு வருகிறது. போன் எடுக்க மாட்டேன் என்கிறார். – திருமங்கலம் வாசகர்

பணம் கைக்கு வந்துவிட்டதால் விற்பனை முடிந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். வண்டியில் அது முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும், 30 நாளுக்குள் வாங்கியவரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தெரிவிக்க வேண்டியது படிவம் 29, அவர் பெயருக்கு மாற்றுவதற்கு படிவம் 30. கடன் இருந்த வண்டி என்றால் அதை நீக்கப் படிவம் 35-ம் சேரும்.

அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டால்? 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், 2007-லேயே விற்று, அதன் பிறகும் பல கை மாறிய கார் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி. மட்டும் முதலில் விற்றவர் பெயரிலேயே இருந்தது. இழப்பீட்டுக்கு அந்தப் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி யார் கையில் இருந்தது என்பது பார்க்கப்படவில்லை. செயின் பறிப்புக்கோ கடத்தலுக்கோ பயன்படுத்தினால் விசாரணைக்கு நிற்கப் போவதும் நீங்கள்தான்.

உடனே செய்ய வேண்டியது: பணம் வந்த வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், அவர் தந்த அடையாள அட்டை நகல், எழுதிக்கொண்ட தாள், எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விற்பனையை எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 14 நாள் தாண்டிவிட்டது, தாமதத்துக்குக் கட்ட வேண்டியது இருந்தால் கட்டிவிடுங்கள், பேசாமல் இருப்பதைவிட அது மேல். அதே காகிதங்களோடு காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது பெறுங்கள். அவர் முகவரிக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் ஒரு கடிதம் போட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் வண்டி விற்கப் போகிறவர்கள், பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவான பிறகு சாவியைக் கொடுங்கள். அன்றே கொடுக்க வேண்டிய நிலை என்றால் தேதியோடு நேரத்தையும் போட்டு "இந்த நிமிடம் முதல் பொறுப்பு வாங்குபவருடையது" என்று எழுதி இருவரும் சாட்சியோடு கையெழுத்திடுங்கள், படிவம் 29-ஐ நீங்களே போய்க் கொடுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் பெரும்பாலும் வாங்கி விற்கும் புரோக்கர், தன் பெயரில் மாற்றினால் அவருக்குச் செலவு, அடுத்த ஆள் கிடைக்கும் வரை உங்கள் பெயரிலேயே ஓட்டுவார். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்பவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் நிறுத்திப் போகும் வண்டியை அடமானமாக நினைக்காதீர்கள், அதுவே திருட்டு வண்டியாக இருக்கும். பின்னால் நீங்களும் உட்காருங்கள்.

கேமராவை 38,000 ரூபாய்க்கு விற்றேன். பணம் நிஜமாகவே கணக்கில் ஏறியது, பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து என் கணக்கே முடங்கிவிட்டது. வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள் என்கிறது வங்கி. நான் என்ன தப்பு செய்தேன்? – அண்ணாநகர் வாசகர்

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்களுக்கு வந்தது இன்னொருவரிடம் ஏமாற்றிய பணம். எங்கோ ஒரு ஊரில் ஒருவரை மிரட்டியோ ஆசை காட்டியோ பணம் போடச் சொன்னவன், அந்த ஆளை உங்கள் யு.பி.ஐ. ஐ.டி.க்கு அனுப்ப வைத்திருக்கிறான். அவர் இழந்தது பணம், நீங்கள் இழந்தது கேமரா, அதை வாங்கிப் போனவன் கணக்கு எண்ணே எங்கும் இல்லை. அந்த மனிதர் 1930-ல் புகார் சொன்னதும் தடம் உங்கள் கணக்கில் வந்து நின்றிருக்கிறது. பணம் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று மேலே இவ்வளவு எழுதினேன், அதோடு இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பணம் யார் பெயரிலிருந்து வந்தது. எதிரில் நிற்பவர் பெயர் ஒன்று, அனுப்பியவர் பெயர் வேறொன்று என்றால் "யார் இவர்?" என்று கேளுங்கள். "மச்சான் போடுகிறான்", "ஓனர் போடுகிறார்" என்றால், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து போடுங்கள் அல்லது ரொக்கம் தாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். இதனால் ஒன்றிரண்டு விற்பனை தவறும், தவறட்டும்.

இப்போது வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு. மூன்றும் கிடைத்தவுடன் அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேமரா பில், விளம்பரத்தின் படம், பேசிய உரையாடல், வாங்கியவர் போன் நம்பர், கொடுத்த இடம், நேரம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். நகலை மதுரை சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுங்கள். உங்களிடம் உள்ள அந்த போன் நம்பர்தான் அவனைப் பிடிக்க அவர்களுக்கு வழி. கணக்கு முழுவதையும் முடக்காமல் சந்தேகத்துக்குரிய 38,000-ஐ மட்டும் நிறுத்தி வைக்கக் கேட்பது உங்கள் நியாயமான கோரிக்கை, சென்னை உயர் நீதிமன்றம் உட்பட நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட்டிருக்கின்றன. வங்கி பதிலே சொல்லாமல் 30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம், உதவிக்கு 14448. போலீஸ் தரப்பில் அசைவே இல்லையென்றால் வழக்கறிஞர் வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடலாம். "10,000 கொடுங்கள், கணக்கைத் திறந்து தருகிறோம்" என்று இடையில் யாராவது போன் செய்வார்கள், அதுவும் மோசடி.

கணக்கில் நமக்கு வர வேண்டியதைவிட அதிகமாகப் பணம் நிஜமாகவே ஏறி, "தவறுதலாக வந்துவிட்டது, இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டாலும் இதே எச்சரிக்கைதான். நீங்களாக அனுப்பாதீர்கள். வந்த வழியிலேயே திருப்ப வங்கியிடம் எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் நானும் மகளும் மட்டும். பிரிட்ஜ் பார்க்க ஆட்கள் வருகிறேன் என்கிறார்கள். – ஒத்தக்கடை வாசகி

பகலில் வரச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்காவையோ அண்ணனையோ கூட உட்கார வையுங்கள். முந்தின நாளே பிரிட்ஜைத் திண்ணைக்கோ முன்கூடத்துக்கோ நகர்த்தி அங்கேயே பிளக் போட்டு ஓட விடுங்கள், யாரும் உள்ளே வரத் தேவை இருக்காது. விளம்பரத்தில் வீட்டு எண் வேண்டாம், தெருவின் முனையில் உள்ள கடையைச் சொல்லி அங்கே வந்து போன் செய்யச் சொன்னால் போதும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளாக இருந்தால் வீட்டுக்கே வரச் சொல்லாதீர்கள், வங்கிக் கிளை வாசலோ மாட்டுத்தாவணி மாதிரி எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடமோ நல்லது.

வாங்குகிறவர் "நீங்கள் உண்மையான ஆளா என்று பார்க்க வேண்டும்" என்று என் ஆதார், பான் கார்டு படம் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாடிப்பட்டி வாசகர்

கூடாது. திருநகர் சகோதரிக்கு வந்த அடையாள அட்டை எங்கிருந்து கிளம்பியது என்று மேலே எழுதினேன், உங்கள் ஆதாரும் அப்படி இன்னொருவரை ஏமாற்றப் போய்விடும். பொருளின் பில்லைக் காட்டுங்கள், வீடியோ காலில் பொருளையும் உங்கள் முகத்தையும் காட்டுங்கள், நேரில் வரச் சொல்லுங்கள். வண்டிப் பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுப்பது வேறு, அங்கேயும் நகலின் மேல் குறுக்காக "இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று வண்டி எண்ணும் தேதியும் எழுதிக் கொடுங்கள். விற்று முடித்ததும் விளம்பரத்தை நீக்கிவிடுங்கள், உங்கள் போன் நம்பர் அங்கே கிடக்கக் கிடக்க இந்த மாதிரி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும்.